முடக்குவாதம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வந்து 11 வருடம் ஆகிறது. தமிழில் முடக்குவாதம் என்பார்கள், சிலர் சரவாங்கி என்பார்கள். நான் மருத்துவர் இல்லை, சிங்கப்பூரின் ஈசூனில் குடியிருக்கும் ஒரு நோயாளி. ஆனால் தேக்காவில் காய் வாங்கும்போதும், கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போதும், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதும் யாராவது என் விரல்களைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு முதலில் எப்படித் தெரிந்தது?

இடியாப்பத்தில் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மர அச்சை அழுத்துகிறேன், மாவு இறங்கவில்லை. மாவு இறுகிவிட்டது என்று நினைத்து வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். அப்போதும் இறங்கவில்லை. மாவில் குறையில்லை, என் கையில்தான் பிடி இல்லை.

அடுத்த வாரம் வாசல் கேட்டின் சாவியைத் திருப்ப முடியவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு கைவிரல்களும் மடங்காது. மோதிரம் கழற்ற வராது. சூடான காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மெல்ல இளகும். தரையில் கால் வைத்தால் பாதத்தின் முன்பக்கம் கூழாங்கல்மேல் நிற்பதுபோல இருக்கும். எல்லாவற்றையும்விடச் சோர்வு. தூங்கி எழுந்தபிறகும் போகாத சோர்வு.

நான்கு மாதம் பனடோலும் தைலமுமாக ஓட்டினேன். ஒரு மருந்தகத்தில், "வயசாகுதும்மா" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு அப்போது 43 வயது. அந்த நான்கு மாதத்தில் இழந்ததுதான் இப்போது என் வலது கை நடுவிரல் முட்டியில் தெரிகிறது.

முடக்குவாதம் என்றால் பக்கவாதமா?

இல்லை. பக்கவாதம் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபடுவதால் அல்லது இரத்தக்கசிவால் வருவது. இது மூட்டுகளில் வரும் அழற்சி. ஆனால் 'வாதம்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். எனக்கு நோய் உறுதியான அன்று மாமியாரிடம், "வாதம் வந்திருக்கு" என்று யாரோ சொல்லப்போக, அவர் ஊருக்கெல்லாம் போன் போட்டு எனக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று அழுதுவிட்டார்.

மூட்டுத் தேய்மானத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தேய்மானத்தில் எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. பெரும்பாலும் முழங்கால், இடுப்பு. நடந்தால் வலி, உட்கார்ந்தால் தேவலை. காலையில் இறுக்கம் இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

முடக்குவாதம் நேர்மாறு. ஓய்வெடுத்தால் இறுகும், அசைந்தால் இளகும். காலை இறுக்கம் முக்கால் மணி, ஒரு மணி, சிலருக்கு மதியம்வரை. விரல் அடி முட்டி, நடு முட்டி, மணிக்கட்டு, கால்விரல் அடி என்று சின்ன மூட்டுகளில், பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். நகத்தை ஒட்டிய கடைசி முட்டியைப் பொதுவாகத் தொடாது. வீங்கிய இடத்தை அழுத்தினால் மாவுபோல மெத்தென்று இருக்கும், எலும்புபோல் கெட்டியாக இருக்காது.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. யாரையாவது கைகுலுக்கச் சொல்லி, விரல் அடி முட்டிகளைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தச் சொல்லுங்கள். அதற்கே உயிர்போகிறது, ஆறு வாரமாக வீக்கமும் இருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கௌட்டாக இருக்குமோ? சிக்குன்குன்யாவாக இருக்குமோ?

இருக்கலாம். கௌட் என்பது யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் நோய். அது திடீரென்று, பெரும்பாலும் நடுராத்திரியில், ஒரு மூட்டில், அதிலும் கால் பெருவிரலில் தீப்பிடித்ததுபோல் வரும். சில நாள், ஒரு வாரம், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

சிக்குன்குன்யா நமக்கு அந்நியமல்ல. சிங்கப்பூருக்குள்ளேயே அது முதன்முதலாகப் பரவியது 2008 ஜனவரியில், லிட்டில் இந்தியாவின் கிளைவ் ஸ்திரீட் பக்கம். அந்தக் காய்ச்சல் போனபிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் இரண்டு கை விரல்களும் வீங்கி, பார்ப்பதற்கு முடக்குவாதம் போலவே இருக்கும். அதனால் ஊருக்குப் போய்வந்தீர்களா, காய்ச்சல் வந்ததா என்று மருத்துவர் கேட்டால் சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்காதீர்கள்.

எதனால் வருகிறது? நான் என்ன தப்பு செய்தேன்?

இந்த இரண்டாவது கேள்விதான் உண்மையில் கேட்கப்படுவது. பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் இருக்கவில்லை, ஈரத்தலையோடு படுத்தேன், ஏர்கான் நேராக அடிக்கிற இடத்தில் 20 வருடம் வேலை பார்த்தேன் என்று ஒவ்வொருவரும் ஒரு குற்றப்பத்திரிகை வைத்திருக்கிறார்கள். இவை எதுவும் காரணமில்லை. குளிரில் இறுக்கம் கூடுவதாகப் பலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான். ஆனால் வலியைக் கூட்டுவது வேறு, நோயை உண்டாக்குவது வேறு.

நடப்பது இதுதான். மூட்டின் உட்புறம் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, மூட்டுக்கு வழுவழுப்பான திரவத்தைக் கொடுப்பது அது. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் இந்தச் சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, வீங்கி, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. ஒன்றையொன்று உசுப்பிவிடும் வேதிப்பொருள்கள் அங்கே குவிகின்றன. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 என்ற பெயர்களை மருந்துச் சீட்டில் பார்த்திருப்பீர்கள், அவைதான்.

ஏன் ஆள் தெரியாமல் போகிறது? ஒற்றைக் காரணம் இல்லை. ஹெச்எல்ஏ-டிஆர்பி1 என்ற மரபணுவின் சில வகைகள் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதற்குமேல் ஏதோ ஒன்று பொறி வைக்க வேண்டும். நன்றாக நிரூபிக்கப்பட்ட பொறி புகைபிடித்தல். புகையாலும் ஈறு நோயாலும் உடம்பின் சில புரதங்கள் கொஞ்சம் உருமாறுகின்றன, அவற்றை அந்நியமாக நினைத்து உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது என்பது இப்போது பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். கல்லுடைக்கும், கான்கிரீட் அறுக்கும் இடங்களின் சிலிக்கா தூசியும் ஆபத்தைக் கூட்டும். அந்த எதிர்ப்பொருள், முதல் விரல் வீங்குவதற்குப் பல வருடம் முன்பே இரத்தத்தில் இருக்கக்கூடும். அதாவது நீங்கள் குற்றம்சாட்டும் அந்த ஏர்கான் வருவதற்கு முன்பே கதை தொடங்கியிருக்கலாம்.

பெண்களுக்கு ஆண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. உலக அளவில் நூற்றில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கிறது.

என் மகளுக்கும் வருமா?

வாய்ப்பு சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கு வருவது ஏழில் ஒருவருக்கு என்ற அளவில்தான். மகளை நினைத்துக் கவலைப்படுவதைவிட மாப்பிள்ளையின் சிகரெட்டை நிறுத்துவது உபயோகமாக இருக்கும்.

மூட்டு நோய்க்கு ஏன் நுரையீரலை எக்ஸ்ரே எடுக்கிறார்கள்?

ஏனென்றால் இது மூட்டு நோய் மட்டுமில்லை. அழற்சி உடம்பு முழுவதும் ஓடுகிறது. கண் வறண்டு உறுத்தலாம், கண்ணின் வெள்ளைப் பகுதி சிவந்து வலிக்கலாம். நுரையீரலில் தழும்பு விழுந்து வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் வரலாம். இரத்தசோகை வரலாம். மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நம் சமூகத்தில் ஏற்கனவே சர்க்கரையும் கொழுப்பும் கைகோத்து நிற்கின்றன, அதனால் இந்தக் கடைசி வரியை இரண்டுமுறை படியுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் ஆர்ஏ ஃபேக்டர் இல்லை என்று வந்தது. அப்படியானால் நோய் இல்லைதானே?

அப்படி இல்லை. ஆர்ஏ ஃபேக்டர் என்பது இந்த நோயில் இரத்தத்தில் அடிக்கடி காணப்படும் ஓர் எதிர்ப்பொருள். முடக்குவாதம் உள்ளவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்கு அந்தப் பரிசோதனைகள் எதிர்மறையாகவே இருக்கும். மறுபக்கம், ஹெபடைட்டிஸ் என்ற கல்லீரல் அழற்சி உள்ளவர்களுக்கும் நல்ல ஆரோக்கியமான சில முதியவர்களுக்கும்கூட ஆர்ஏ ஃபேக்டர் இருக்கும். ஆன்டி-சிசிபி என்ற பரிசோதனை இதைவிடத் துல்லியமானது. இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அழற்சி எவ்வளவு என்று காட்டும், எதனால் என்று காட்டாது. கடைசியில் விரல்களைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் கைதான் பெரிய பரிசோதனை. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் அது நல்ல செய்தி, அரிப்பு இன்னும் தொடங்கவில்லை. மருந்து வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

மெதோட்ரெக்சேட் புற்றுநோய் மருந்தாமே? எனக்கு ஏன் தருகிறார்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மருந்தின் தாளில் புற்றுநோய் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மாத்திரையை அலமாரியிலேயே வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆமாம், அப்படித்தான் பிறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய லெடர்லே ஆய்வுக்கூடத்தில், 1940களில், இரத்தப் புற்றுநோய்க்காக உருவான மருந்துக் குடும்பம் அது. ஆனால் புற்றுநோய்க்கு ஏற்றும் அளவு எங்கோ இருக்கிறது. முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்வரைதான். அந்தச் சின்ன அளவில் அது எதிர்ப்பு மண்டலத்தின் ஆவேசத்தைத் தணிக்கிறது. 1988இல் அமெரிக்கா இந்த நோய்க்கு அதை அங்கீகரித்தது. இன்றுவரை உலகம் முழுவதும் முதலில் கையிலெடுக்கும் மருந்து இதுதான்.

இதில் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. வாரத்துக்கு ஒருமுறை. தினமும் அல்ல. பழக்கதோஷத்தில் தினமும் போட்டுக்கொண்டு வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் விழுந்து உயிரே போன சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. எனக்கு சனிக்கிழமை ராத்திரி. 2.5 மில்லிகிராம் மஞ்சள் மாத்திரை ஆறு. ஞாயிறு குமட்டினாலும் லீவுதானே என்று கணக்குப்போட்டுத் தேர்ந்தெடுத்த நாள். முருகன் காலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன், மாத்திரை போட்டதும் குறுக்கே ஒரு கோடு. இன்னொரு நாளில் ஃபோலிக் ஆசிட். அது குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கும்.

போட்ட மறுநாளே பலன் தெரியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பார்க்க அவ்வப்போது இரத்தம் எடுப்பார்கள், தவறவிடாதீர்கள். மதுவைக் குறைக்க வேண்டும், விட்டால் இன்னும் நல்லது. வேறு மருத்துவரிடம் சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ போனால் மெதோட்ரெக்சேட் எடுக்கிறேன் என்று வாய்திறந்து சொல்லுங்கள். பேக்ட்ரிம் போன்ற டிரைமெத்தோபிரிம் கலந்த மருந்துகள் இதோடு சேர்ந்தால் ஆபத்து. கடுமையான காய்ச்சலோ தொற்றோ வந்தால் அந்த வார மாத்திரையைப் போடுவதற்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

இதோடு அல்லது இதற்குப் பதிலாக சல்ஃபசலசீன், லெஃப்லுனோமைட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுப்பதுண்டு. கடைசியாகச் சொன்னதை வருடக்கணக்கில் எடுப்பவர்கள் கண் பரிசோதனைக்குப் போக வேண்டும், விழித்திரையை அது அரிதாகப் பாதிக்கும்.

எங்கள் உறவினர் ஒருவர் ஜொகூரிலிருந்து ஒரு மூலிகை மாத்திரை வாங்கித் தந்தார். மூன்றே நாளில் வலி போய்விட்டது. அது போதாதா?

மூன்றே நாளில் போனது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்படி வேலை செய்யக்கூடியது ஒன்று உண்டு, ஸ்டீராய்டு. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், படுக்கையைவிட்டு எழ முடியாத ஒரு முடக்குவாத நோயாளிக்கு கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார், ஒரு வாரத்தில் கடைவீதிக்கே போனார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு. ஆனால் மருந்து தொடரத் தொடர அதன் மறுமுகம் தெரிந்தது. முகம் நிலாபோல் உப்பியது, எலும்பு பலவீனமானது, சர்க்கரை ஏறியது. இன்றும் ஸ்டீராய்டு தருகிறார்கள், மற்ற மருந்து பிடிக்கும்வரை பாலம்போல, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு.

நம் சுகாதார அறிவியல் ஆணையம், 'இயற்கை', 'பாரம்பரியம்' என்று விற்கப்பட்ட வலி நிவாரணிகளில் டெக்சாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. உறையில் அதன் பெயர் இருக்காது. மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் இன்னொரு ஆபத்து: உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டை அதற்குள் மறந்துபோயிருக்கும், இரத்த அழுத்தம் விழுந்து மயக்கமாகிவிடும். எனவே அந்த மாத்திரை வீட்டில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள், பாக்கெட்டோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவம், சீன மருத்துவம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் எனக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. உள்ளே விழுங்குவது எதுவானாலும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஊசி மருந்து என்கிறார்களே, அது எப்போது?

மெதோட்ரெக்சேட்டும் அதன் கூட்டாளிகளும் போதவில்லை என்றால். முதலில் சொன்ன டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்றவற்றை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் பயாலஜிக் மருந்துகள் இவை. அடலிமுமாப், எட்டனர்செப்ட், டோசிலிசுமாப் என்று பெயர்கள் வாயில் நுழையாது. டிஎன்எஃபைத் தடுத்தால் நோய் அடங்கும் என்று 1990களில் லண்டனில் காட்டியவர்கள் மார்க் ஃபெல்ட்மனும், பஞ்சாபில் பிறந்த ரவீந்தர் மைனியும்.

எனக்கு நான்காம் வருடம் அடலிமுமாப் தொடங்கினார்கள். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பேனாபோல ஒன்று, தொடையில் நானே போட்டுக்கொள்கிறேன். குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், எங்கள் வீட்டில் தோசைமாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னை போனால் குளிர்பையில் வைத்து, மருத்துவர் கடிதத்தோடு கைப்பெட்டியில் கொண்டுபோவேன்.

தொடங்குமுன் காசநோய்க்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் பரிசோதிப்பார்கள். பயந்துவிடாதீர்கள். நம்மில் பலருக்குச் சின்ன வயதில் ஒட்டிய காசநோய்க் கிருமி நுரையீரலில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதைச் சுற்றிச் சுவர் கட்டிக் காவல் காப்பதில் டிஎன்எஃபுக்குப் பங்கு உண்டு. அதைத் தடுத்தால் சுவர் இடிந்துவிடும். எனவே முதலில் கிருமிக்கு மருந்து, பிறகு ஊசி.

ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கு டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இதய நோய், இரத்தக் கட்டி, புற்றுநோய் ஆபத்தைக் கூட்டலாம் என்று தெரியவந்திருப்பதால் யோசித்துத்தான் கொடுக்கிறார்கள். இவற்றில் அக்கி வரும் வாய்ப்பும் கூடுதல், தடுப்பூசி பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

செலவு கட்டுப்படியாகுமா?

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் மருத்துவமனையில் நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். நேராகத் தனியார் நிபுணரிடம் போனால் அந்தச் சலுகை கிடையாது. 2015 முதல் முடக்குவாதம் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் இருக்கிறது, அதனால் மெடிசேவ் என்ற நம் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். பில்லில் பொதுவாக 15 விழுக்காடு கையிலிருந்து. பயாலஜிக் மருந்துகளில் மலிவான பயோசிமிலர் வகைகள், அதாவது மூல மருந்தைப் போலவே வேறு நிறுவனங்கள் செய்பவை, வந்துவிட்டன, அவற்றையே கேளுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் மருத்துவமனையின் சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

நான் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். எனக்கு?

உங்கள் நிலை கடினம், மறைக்க விரும்பவில்லை. முதலாளி வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்பது 2023 ஜூலையிலிருந்து விதி, ஆனால் அது மருத்துவமனையில் தங்குவதற்கும் நாள் அறுவைச் சிகிச்சைக்கும். மாதாமாதம் மருந்து வாங்க அது உதவாது. ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்பின் மருந்தகத்தில் தொடங்கலாம். ஒரு நல்ல விஷயம்: மெதோட்ரெக்சேட் விலை குறைந்த பழைய மருந்து, தமிழ்நாட்டிலும் கிடைக்கும். ஊருக்குப் போக நேர்ந்தால் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

எதைச் சாப்பிடக் கூடாது? மஞ்சள் நல்லதா?

கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி, புளி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தடைப்பட்டியல் உண்டு. பொதுவாக எல்லாருக்கும் இவற்றைத் தடைசெய்ய ஆதாரம் இல்லை. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததை நீங்கள் விடலாம். மீன் நல்லது, கொழுப்பு மீனில் இருக்கும் ஒமேகா-3 வலியைச் சற்றுக் குறைக்கும். உடல் எடை குறைந்தால் மருந்து இன்னும் நன்றாக வேலை செய்யும்.

குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை வேறு விஷயம், சிலருக்குக் கல்லீரல் வீங்கியிருக்கிறது. ஏற்கனவே மெதோட்ரெக்சேட்டைச் சுமக்கிற கல்லீரல் அது.

குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. முடியுமா?

முடியும், திட்டம்போட்டுச் செய்ய வேண்டும். மெதோட்ரெக்சேட்டும் லெஃப்லுனோமைட்டும் கருவுக்கு ஆபத்து, முன்கூட்டியே நிறுத்தி மாற்று மருந்துக்குப் போக வேண்டும். கர்ப்ப காலத்தில் பாதிப் பேருக்கு நோய் தானாகவே தணிகிறது. பிரசவத்துக்குப் பிறகு திரும்ப எழும், பிள்ளையைத் தூக்கக் கை வேண்டிய நேரத்தில். அப்போது உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இப்போது வலியே இல்லை. மருந்தை நிறுத்தலாமா?

நான் நிறுத்திப் பார்த்தவள். மூன்றாம் வருடம், கையெல்லாம் லேசாக இருந்தது, தீபாவளிக்கு 200 முறுக்கு சுற்றினேன். குணமாகிவிட்டது என்று யாரிடமும் சொல்லாமல் விட்டேன். பொங்கலுக்குப் பானையைத் தூக்க முடியவில்லை. அடுத்த எக்ஸ்ரேயில் மணிக்கட்டில் புதிய அரிப்பு. பழைய மருந்தைத் திரும்பத் தொடங்கியும் முன்போல் பிடிக்கவில்லை, அதற்குப் பிறகுதான் ஊசி வந்தது.

வலி குறைந்தது வேறு, நோய் அடங்கியது வேறு. வலி மாத்திரை முதலாவதைச் செய்யும், எலும்பு அரிப்பதைத் தடுக்காது. நோய் அடங்கியிருக்கிறதா என்பதை 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, இரத்தத்தையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டுத்தான் சொல்வார்கள். அது நீண்ட காலம் தாழ்ந்தே இருந்தால் மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். எனக்கு இப்போது ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக நீட்டியிருக்கிறார்.

இப்போது இடியாப்பம் பிழிய முடிகிறதா?

மர அச்சில் முடியாது. திருகும் எவர்சில்வர் அச்சும் மணிக்கட்டுக்கு ஆகாது என்று தொழில்வழிச் சிகிச்சையாளர் சொல்லிவிட்டார். நான் மாவு பிசைகிறேன், அதுவும் வெதுவெதுப்பாக இருக்கும்போது, விரல்களுக்குப் பயிற்சியும் ஆயிற்று. பிழிவது மகன். வட்டமாக வராது, புலாவ் உபின் தீவின் வரைபடம்போல ஒரு பக்கம் நீண்டு கிடக்கும். தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது.